மேல்மாடிக்கு விட்ட கம்பி

ஐந்தாம் தேதி காலையில்
போன் சத்தம் போடவில்லை.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு
காபியை ஆறவிட்டோம்.
இருநூற்று நாற்பது மாதம்
ஐயாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்
எங்களுக்கு முன்னால் எழுந்து
வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

லாரன்ஸ் ரோட்டுக் கிளையில்
மேனேஜர் மூலப்பத்திரத்தை நீட்டியதும்
அஞ்சலாட்சி வாங்கி முகர்ந்து பார்த்தாள்.
"ஈர வாடையே இல்லைங்க."
உண்மைதான்.
தானே புயலில் எங்கள் சமையலறை ஷீட்
அடுத்த தெருவரை பறந்தது.
பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில்
கட்டில்மேல் கட்டில் போட்டு
மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம்.
வீடு நனைந்தபோதெல்லாம்
வீட்டின் காகிதம் மட்டும்
கடன்காரன் பீரோவில்
காய்ந்து கிடந்திருக்கிறது.
இனி இதை எங்கே வைப்பது?
அரிசி டிரம்மா, பரணா,
இல்லை காசு கட்டி அவர்களிடமே லாக்கரா
என்று பேசி முடிப்பதற்குள்
கூத்தப்பாக்கம் வந்துவிட்டது.

எனக்கு இன்னும் பதினான்கு மாதம்.
டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து
விருத்தாசலம் வண்டி ஏழு நிமிஷம் லேட்
என்று எழுதுகிற வேலை.
அவளுக்கு மூன்று வருஷம்.
சத்துணவுக் கூடத்தில்
தினமும் நூற்றிருபது முட்டை எண்ணுகிற கை
அன்று ராத்திரி நோட்டில் கோடு போட்டது.
என் பென்ஷன். அவளுடைய இரண்டாயிரம்.
சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை,
மகள் வந்தால் வஞ்சிரம், வராவிட்டால் சங்கரா.
டிசம்பருக்கு மட்டும் தனியாக ஒரு வரி,
பெயர் போடாமல்.
பிறகு பேனாவை மூடாமலே சொன்னாள்:
"நீங்க முந்திக்கிட்டா எனக்குப் பாதிதான் வரும்.
நான் முந்திக்கிட்டா உங்களுக்கு
ஒரு பைசா குறையாது. சோறுதான் குறையும்."
எனக்கு ரசம் வைக்கத் தெரியும் என்றேன்.
"புளி எவ்வளவு?"
சுவரில் பல்லி ஒன்று
ரொம்ப நேரமாக அதே இடத்தில் இருந்தது.
அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
பாலுக்கு உறை ஊற்றப் போனாள்.

மறுநாள்
டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க
மொட்டை மாடிக்குப் போனவன்
கம்பிகளை எண்ணினேன்.
ஒன்பது தூண், தூணுக்கு நாலு.
"நீட்டி விட்டு வைங்க சார்,
பொண்ணு பெருசானா மாப்பிள்ளைக்கு மேலே எடுக்கலாம்"
என்று மேஸ்திரி விட்டது.
பொண்ணு பெருசானாள்.
மாப்பிள்ளை ஓசூரில் ஃபிளாட் வாங்கி
இருநூற்று நாற்பதில்
நான்காவது மாதத்தில் இருக்கிறார்.
உப்புக்காற்று தின்றது போக
மீதிக் கம்பி துரு ஒழுகி
கைப்பிடிச் சுவரெல்லாம்
யாரோ வெற்றிலை துப்பிய மாதிரி.

மேலே இரண்டு ரூம் எடுத்து
வாடகைக்கு விட்டால் என்ன என்று இழுத்தேன்.
"லோன் போட்டா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
பக்கவாட்டில் ஒரு படி இறங்கி,
இன்னொரு காலை அதே படியில் சேர்த்து வைத்து,
நின்று,
திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்மண்டலம் அஸ்கர்
கட்டிங் மெஷினோடு வந்தார்.
பொறி பறந்தது.
எதிர்வீட்டு கோதண்டபாணி
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்,
"என்ன சார், மேலே எடுக்கறீங்களா?"
"இல்லைங்க, கீழேயே இருக்கப் போறோம்."
மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.
நல்லது என்று தலையாட்டினார்.

வடக்கு மூலையில் ஒன்று
தெற்கு மூலையில் ஒன்று
விட்டுவிடச் சொன்னாள்.
மீதி முப்பத்துநாலும்
பழைய இரும்புக் கடையில் பதினெட்டுக் கிலோ.
நோட்டில் வரவு: ஐநூற்று நாலு.
செலவு, அஸ்கர் கூலி: எண்ணூறு.
மிச்சம் என்கிற இடத்தில்
கொஞ்சம் யோசித்துவிட்டு
'துணிக்கொடி ஒன்று' என்று எழுதி
நோட்டை மூடினாள்.